பத்து மணித் திருப்பு

கட்டில் விரிப்பொன்றை ஆணியில் தொங்கவிட்டு
எங்கள் மாங்குளத்து இல்லத்தின் சாப்பாட்டு மண்டபத்தில்
படம் காட்டினார்கள்.
விரிப்பின் மூலையில் எத்தனை தோய்த்தும் போகாத அயடீன் கறை.
எல்லாக் காட்சியிலும் வானத்தின் வலப்பக்கம்
அது இருந்தது.

படமெடுத்த தம்பி நல்லவன்.
ரெக்கோடரை மேசையில் வைத்து
"அந்த நாற்பத்தொரு நாளும் என்ன உணர்ந்தீங்கள் அக்கா?" என்றான்.
பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்றேன்.
இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பவேணும்.
முள்ளந்தண்டில் காயப்பட்ட இருபத்தாறு பேர்.
திருப்பாவிட்டால் புண்.
புண் ஆழப்போனால் எலும்பு தெரியும்.
பதினொரு பேர் செய்த வேலை. கேற்றைப் பூட்டியபோது
உள்ளே நின்றது நாலு பேர்.
"அது சரி அக்கா, மனசுக்குள்ளை?"
மனசுக்குள்ளும் அதுதான் தம்பி.

படத்தில் எல்லாருக்கும் வெள்ளைக் கவச உடை.
எங்களுடையது மூன்றாம் நாளே முடிந்துவிட்டது.
பிறகு போட்டது மழைக்கோட்டு,
மல்லாவிக் கடையில் கடனுக்கு எடுத்தது, மஞ்சள்.
வேர்வை முழங்கையால் வழிந்து
கால்மேசுக்குள் இறங்கும்.

என்னை நடித்தவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை.
ஒரு கிழமை எங்களோடு நின்று பழகினாள்.
ஆளைத் தூக்கும்போது முதுகை வளைத்தாள்.
முழங்காலை மடி, இல்லாட்டி உன்ரை நாரி போயிடும்
என்று நான்தான் திருத்தினேன்.
திரையில் சரியாகத்தான் மடித்தாள்.
ஆனால் அழுதாள்.
கையுறைக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதாள்.
"கையுறையோடை முகத்தைத் தொடுறாள்,
பிஎச்ஐ கண்டால் துலைஞ்சாள்"
என்றார் பின்வரிசையில் செபமாலை அண்ணன்.
சக்கர நாற்காலிகள் எல்லாம் குலுங்கின.

குணநாயகம் போன இரவு படத்தில் மழை.
மழையே இல்லை. வைகாசி வெக்கை.
அன்று சாமம் ஏ-ஒன்பது வீதியின் நடுக்கோட்டில்
ஒரு யானை, தனக்கென்று போட்ட றோட்டுப்போல,
கிளிநொச்சிப் பக்கம் நடந்துபோனதைக்
கேற்றடியில் நின்று நானும் கலைமதியும் பார்த்தோம்.
தம்பியிடம் சொன்னேன்.
யானைக்குக் காசில்லை அக்கா என்றான்.

திரையில் குணநாயகம் தண்ணி கேட்கிறார்.
என்னிடம் கேட்டது ரேடியோவைக் குறைக்கச் சொல்லி.
மாவட்டம் மாவட்டமாக எண்ணிக்கை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.
"அப்ப எங்களை எண்ண ஒருத்தனும் இல்லை,
இப்ப பார், காலமையும் பின்னேரமும் எண்ணுறாங்கள்"
என்றார். சிரித்தாரோ, இருமினாரோ.
அந்த வசனம் படத்தில் இல்லை.
நான் சொல்லாமல் விட்டேனோ
சொல்லியும் அவன் விட்டானோ, ஞாபகமில்லை.

பொலித்தீனில் சுற்றிக் கட்டிவிட்டு
வாகனம் வரும்வரை அந்தக் கட்டிலிலேயே வைத்திருந்தோம்.
பன்னிரண்டடித்தது.
ஒவ்வொரு கட்டிலாக வந்தோம்.
கலைமதி தலைப்பக்கம், நான் கால்பக்கம்,
அவரையும் இடப்பக்கம் திருப்பினோம்.
திருப்பின பிறகுதான் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம்.
அப்படியே விட்டோம்.
இதை நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

இப்போது திரையில் நான் கேற்றடிக்கு ஓடுகிறேன்.
அந்தப் பக்கம் மகன். கையில் சாப்பாட்டுப் பொதி.
இசை ஏறுகிறது.
சுவர் மணிக்கூட்டில் பத்துக்கு மூன்று நிமிடம்.
கலைமதி ஏற்கெனவே எழும்பிவிட்டாள்.
ஒளிக்குக் குறுக்கே குனிந்து போனோம்.
எங்கள் நிழல் இரண்டும் மகனின் முகத்தில் விழுந்து
கடந்தன.

முதலாம் கட்டிலில் சுகிர்தன்.
புண் ஆறும்வரை குப்புறக் கிடக்கவேண்டியவன்,
மண்டபத்துச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவன்.
"மகனை உள்ளுக்கை விட்டவையோ?" என்றான்.
தெரியாதடா என்றேன்.
முழங்காலை மடித்தேன்.
"ஒண்டு, ரெண்டு" என்றாள் கலைமதி.